சீன ஜேட் பதக்கங்களை மதிப்பிடுவது எப்படி? குவான்யின், சிரிக்கும் புத்தர் செதுக்கிய நகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல் என்ன, அந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள், எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள், யாரைச் செதுக்கியிருக்கிறார்கள்: விவரம் தெரிந்தவர்கள் இந்த வரிசையில்தான் விலை போடுவார்கள். வாங்குபவர்களில் பலர் கடைசிக் கேள்வியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்களும் அதே வரிசையில் போகின்றன.

ஜேட் என்றால் மரகதம்தானே?

இல்லை. மரகதம் பெரில் இனத்துக் கல், ஜேட் வேறு. பச்சைக்கல் என்ற பொதுப்பெயரில் இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சிக்கல். ஜேட் என்ற பெயருக்குள்ளேயே இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று நெஃப்ரைட். மேற்குச் சீனாவின் ஹோதான் பகுதி ஆறுகளிலிருந்து எடுத்து, சீனர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் செதுக்கி வருவது இதைத்தான். மற்றது ஜேடைட். மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து வருகிறது; 18ஆம் நூற்றாண்டில்தான் சீனாவில் பெருமளவில் புழக்கத்துக்கு வந்தது. சீனர்கள் இதை ஃபெய்ட்சுய் என்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று பிரெஞ்சு வேதியியலாளர் டாமூர் 1863இல் பிரித்துக் காட்டினார்.

இது ஏட்டு அறிவு மட்டும் இல்லை. பளிச்சென்ற பச்சை ஜேடைட்டைக் காட்டி "ஹான் வம்சத்துப் புத்தர்", அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழையது, என்று ஒருவர் விற்க வந்தால், மேற்கொண்டு பேச வேண்டிய அவசியமே இல்லை.

கல் எது என்று வீட்டில் சோதிக்க முடியுமா?

ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு எடை என்று பார்த்தால் பாதிப் போலிகள் அங்கேயே கழன்றுவிடும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், மெல்லிய நைலான் நூல் போதும்.

பதக்கத்திலிருந்து கயிறு, மணி, தங்க வளையம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கல்லை மட்டும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடியுங்கள். தராசு இப்போது காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும். 18.36 கிராம் கல் 5.50 கிராம் தண்ணீரை விலக்கினால் 3.34, அது ஜேடைட்டின் எண்.

ஜேடைட் 3.30 முதல் 3.38 வரை. நெஃப்ரைட் 2.90 முதல் 3.03 வரை. "புது ஜேட்" என்று விற்கும் செர்பென்டைன் 2.57 அளவில் நிற்கும். சாயமேற்றிய குவார்ட்சைட், அதாவது கடைகளில் "மலேசிய ஜேட்", 2.65. "இந்திய ஜேட்" எனப்படும் அவென்சுரைனும் குவார்ட்ஸ் வகைதான்; எண் அதை ஒட்டியே வரும். "டிரான்ஸ்வால் ஜேட்" உண்மையில் ஒருவகை கார்னெட், 3.47ஐ ஒட்டி வரும். கண்ணாடியை மட்டும் எண்ணை வைத்துப் பிடிக்க முடியாது. அதன் அடர்த்தி கலவைக்கு ஏற்ப எங்கு வேண்டுமானாலும் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

செதுக்கிய கல்லில் சோதனை தவறுவதற்கு முதல் காரணம், ஆடை மடிப்புகளுக்குள் சிக்கும் காற்று. தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லை மெல்லிய பிரஷால் தேய்த்துவிட்டு மூழ்கச் செய்யுங்கள். இரண்டாவது காரணம் சிறிய கல். 2 கிராம் ஜேடைட் 0.60 கிராம் தண்ணீரைத்தான் விலக்கும்; தராசு 0.02 பிசகினால் விடை 3.23இலிருந்து 3.45 வரை எங்கும் போகும். 5 கிராமுக்குக் குறைந்த கல்லில் இந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ரத்தினச் சோதகரிடம், கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானி இருக்கும். செதுக்கிய கல்லிலும் மெருகான ஒரு சிறு மேடு போதும், புள்ளி அளவீடு கிடைத்துவிடும்: ஜேடைட் 1.66, நெஃப்ரைட் 1.61, குவார்ட்ஸ் வகை 1.54, செர்பென்டைன் 1.56.

கத்தியால் கீறிப் பார்ப்பது, முடி சுற்றித் தீ வைப்பது, கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது?

மூன்றும் வீண். கத்தி குவார்ட்சையும் கீறாது, ஆகவே போலியும் தேறிவிடும். சுற்றிய முடி எரியாமல் இருப்பது எந்தக் கல்லிலும் நடக்கும். குளிர்ச்சியும் அப்படியே. கீறுவதால் உருப்படியாக நடப்பது ஒன்றே ஒன்று: கல் மென்மையாக இருந்தால் அதன் மெருகில் ஒரு கோடு விழும்.

ஏ, பி, சி வகை என்கிறார்களே, அது தரமா?

தரம் இல்லை. கல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதன் குறியீடு. ஏ வகைக்கு மெருகும் மேல்மெழுகும் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. மங்கலான, அழகில்லாத கல்லும் ஏ வகையாக இருக்கலாம். ஏ என்று கேட்டதும் விலையை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பி வகையை அமிலத்தில் ஊறவைத்துப் பழுப்புக் கறையை எடுத்திருப்பார்கள். அமிலம் கறையோடு சேர்த்துக் கல்லின் படிகங்களுக்கு இடையே இருக்கும் பிடிப்பையும் அரித்துவிடும். அந்த இடைவெளிகளில் பிசினைச் செலுத்தி நிரப்புவார்கள். வாங்கும் நாளில் கண்ணாடி போல மின்னும். ஆண்டுகள் போகப் போகப் பிசின் மஞ்சளாகும், மெருகு மங்கும், கல் நொறுங்கும் தன்மைக்கு வரும். 1980களில் சந்தைக்கு வந்த வேலை இது. சி வகை சாயமேற்றியது. இரண்டும் சேர்ந்த கல்லும் உண்டு.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (நகை உருப்பெருக்கி), விளக்கொளி மேற்பரப்பில் சரிந்து விழும்படி பிடித்துப் பாருங்கள். பி வகையில் சிலந்தி வலை போன்ற மெல்லிய அரிப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். மெருகு ஏறிய வயிற்றுப் பகுதியில் அவை தெரியாமல் போகலாம். கழுத்து மடிப்பு, தாமரை இதழ்களின் இடுக்கு, துளையின் உட்சுவர் ஆகியவற்றில் தேடுங்கள். பிசின் அங்கே தேங்கி நிற்கும், சில சமயம் குமிழியோடு. சாயம் ஏற்றிய கல்லில் பச்சை, படிகங்களின் ஓரங்களில் நரம்பு நரம்பாகத் திரண்டிருக்கும். இயற்கைப் பச்சை படிகத்துக்குள்ளேயே இருக்கும். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கையடக்க நிறமாலைமானியில், குரோமியம் தந்த இயற்கைப் பச்சை 630, 655, 690 நானோமீட்டரில் மூன்று கோடுகள் காட்டும். பழைய சாயம் 650ஐ ஒட்டி ஒரே அகலப் பட்டையாகத் தெரியும்.

நீளலைப் புற ஊதா விளக்கில் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் பிசின் என்று சந்தேகப்படலாம். ஆனால் மெழுகும் மங்கலாக ஒளிரும், ஒளிராத பிசினும் இருக்கிறது. முடிவான பதில் ஆய்வகத்தின் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில்தான். ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள விலை இடைவெளி மிகப் பெரிது. கல் நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலே ஆய்வகச் செலவைச் செய்துவிடுங்கள்.

சீனச் சான்றிதழ் அட்டை கொடுத்தார்கள். எதைப் பார்ப்பது?

கல்லின் பெயர் வரியைப் பாருங்கள். சீனத் தரநிலை ஜிபி/டி 16553இன்படி, பதப்படுத்திய ஜேடைட் என்றால் ஃபெய்ட்சுய் என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பதப்படுத்தியது" என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். அடைப்புக்குறி இல்லாமல் ஃபெய்ட்சுய், அதாவது 翡翠 என்று மட்டும் இருந்தால் ஏ வகை. அடுத்து, அட்டையில் உள்ள எடையும் படமும் கையில் உள்ள பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற சிரிக்கும் புத்தர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், அட்டையை மாற்றிவைப்பது சுலபம். அட்டை எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து சரிபாருங்கள். அட்டையில் உள்ள கியூஆர் குறியை நம்ப வேண்டாம். போலி அட்டை போலித் தளத்துக்குத்தான் கூட்டிப்போகும்.

"ஹோதான் ஜேட்" என்று சான்றிதழில் இருந்தால் கல் ஹோதானிலிருந்து வந்தது என்று பொருள் இல்லை. அந்தத் தரநிலையில் அது நெஃப்ரைட்டின் பெயர், அவ்வளவுதான். சீனாவின் சிங்ஹாய், ரஷ்யா, கொரியா என எங்கு எடுத்ததும் அதே பெயரில் வரும். இதைத் தெரியாமல் பணத்தை விட்டவர்கள் ஏராளம்.

சான்றிதழ் விலையைச் சொல்லாது. விலையும் அச்சிட்ட அட்டை வந்தால், அது விற்பவர் அச்சிட்டது.

செதுக்கியிருப்பது யாரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் வருபவர்கள் இருவர். குவான்யின் என்பவர் நம் அவலோகிதேஸ்வரர். சீனத்தில் பெண் வடிவம் எடுத்தவர். கிரீடத்தில் ஒரு குட்டி அமிதாப புத்தர், கையில் நீர்க்குடுவையும் வில்லோக் கிளையும், காலடியில் தாமரை. குழந்தையை ஏந்தியிருந்தால் பிள்ளைவரம் தரும் குவான்யின். அகத்தியர் தமிழ் கேட்டது இந்த அவலோகிதரிடம்தான் என்கிறது வீரசோழியம். அவர் வாழும் போதலக மலையைப் பொதிகையோடு சேர்த்துச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. சீனாவின் பூத்துவோ தீவுக்குப் பெயர் வந்தது அந்த மலையிலிருந்துதான்.

வயிறு தெரியச் சிரிப்பவர் கௌதம புத்தர் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த புதாய் என்ற துறவி. கையில் துணிமூட்டை, மொட்டைத் தலை, நீண்ட காதுகள். வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் அவதாரமாகக் கொண்டாடுகிறார்கள். கௌதமராக இருந்தால் உச்சியில் கொண்டை மேடு இருக்கும், உடலில் ஆபரணம் இருக்காது. தாடியும் உருட்டு விழியும் ஒற்றைக் காது வளையமும் இருந்தால் தாமோ, அதாவது தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று மரபு சொல்லும் போதிதர்மர். நீண்ட தாடி, கையில் பிறைவாள் என்றால் போர்த் தெய்வமாக வணங்கப்படும் குவான் யூ. சுரைக்காய், விசிறி, புல்லாங்குழல், பூக்கூடை என ஆளுக்கு ஒன்று ஏந்தியவர்கள் தாவோ மதத்து எட்டு அமரர்கள்.

மதிப்பீட்டு அறிக்கையில் "புத்தர்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது கெட்ட பழக்கம். காப்பீட்டுக் கோரிக்கையிலோ ஏலப் பட்டியலிலோ பொருளை அடையாளம் காட்டுவது இந்த விவரங்கள்தான்.

ஆண்கள் குவான்யினையும் பெண்கள் சிரிக்கும் புத்தரையும் அணிய வேண்டும் என்கிறார்களே?

சீனாவில் பரவலான வழக்கு. குவான்யின் என்ற ஒலி "அரசு முத்திரை" என்ற சொல்லை ஒத்தது. புத்தரைக் குறிக்கும் "ஃபோ", நற்பேற்றைக் குறிக்கும் "ஃபூ"வை நெருங்கி வரும். விலையில் இதற்கு இடம் இல்லை. ஆனால் அளவில் உண்டு: ஆண்களுக்கென நீளமும் கனமுமான குவான்யினும், பெண்களுக்கென அகலமான சிறிய புதாயும் அதிகம் செதுக்கப்படுகின்றன. வழக்குக்கு மாறான அளவு விற்கத் தாமதமாகும்.

செதுக்கலின் தரத்தை எப்படிப் பார்ப்பது?

முதலில் ஏன் செதுக்கினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறையில்லாத கல்லை வளையலாகவும் மணியாகவும் வழவழப்பான முட்டைவடிவக் கல்லாகவும் அறுப்பார்கள். விரிசல் இல்லையென்றால் பூ வேலை இல்லை என்பது சீனத் தொழிலாளர் வழக்கு. ஆடை மடிப்பு ஒரு விரிசலின் மேலேயே ஓடும். கறை இருந்த இடம் தோண்டப்பட்டு மேகமாகும். 2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் சோத்பீஸ் ஏலத்தில் 2.7 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் போன ஜேடைட் மாலையில் இருந்தவை 27 வெறும் மணிகள், ஒரு கோட்டு வேலைகூட இல்லை.

ஆகவே பதக்கத்தின் பின்பக்கத்திலிருந்து பேனா டார்ச்சை அடித்து, முன்னால் உள்ள செதுக்குக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். செதுக்குக் கோடு ஒளியை மறிக்காது. விரிசல் ஒளியை மறித்து ஒரு தளமாகத் தெரியும். கழுத்துக்குக் குறுக்கேயோ தொங்கவிடும் துளையிலோ விரிசல் போனால் விலையை நன்றாகக் குறைக்க வேண்டும். கல்லோடு பிறந்து ஆறிப்போன ரேகை அவ்வளவு ஆபத்தில்லை: நகத்தால் வருடினால் தட்டாது.

பிறகு முகம். பழகிய கைகள் முகத்தில்தான் வெளிப்படும். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில், இமை தாழ்ந்து, மூக்கும் உதடும் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். நல்ல குவான்யினின் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். மட்டமான வேலையில் கை ஒரு உருண்டை, கண் இரண்டு கோடு.

இயந்திர வேலையைப் பிடிக்க மூன்று தடயங்கள். மீயொலி இயந்திரம் எஃகு அச்சை மேலிருந்து நேராக அழுத்துவதால் எல்லாப் பள்ளமும் செங்குத்தாக இறங்கும். இதழுக்கு அடியில் குடைந்த வேலை இருக்காது. பள்ளத்தின் அடி மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். கணினி இயந்திரத்தில் ஒரே இடைவெளியில் இணைகோடுகள் தெரியும்; மேலே மட்டும் கையால் தேய்த்து மறைத்திருந்தால் இடுக்கில் அவை மிஞ்சியிருக்கும். குவாங்தோங் மாகாணத்துச் சிஹுய், ஜியேயாங் பட்டறைகளில் எல்லாத் தரமும் கிடைக்கும், ஆகவே ஊர்ப்பெயரை வைத்து விலை போடாதீர்கள்.

இன்னொன்று, கல்லின் தடிமன். கருத்த பச்சைக் கல்லின் முதுகைக் குழித்து எடுத்தால் வெளிச்சம் ஊடுருவி நிறம் தெளியும். அதையே உலோகத் தகடு வைத்து மூடிப் பதித்திருந்தால் எவ்வளவு கல் இருக்கிறது என்றே தெரியாது. மூடிய பதிப்பில் உள்ள கல்லைக் கழற்றிப் பார்க்காமல் உயர்ந்த மதிப்பு எழுதக்கூடாது.

நிறத்தை எங்கே வைத்துப் பார்ப்பது?

காலை வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல், நேர் வெயில் படாமல். கடையின் மஞ்சள் விளக்கு பச்சையைக் கூட்டிக் காட்டும். கருப்பாகத் தோன்றும் கல்லின் பின்னால் டார்ச் அடித்தால் பச்சை மிளிரும் வகைக்கு மோட்சுய் என்று பெயர். குவான் யூ, பேய்விரட்டும் ஜோங் குய் போன்ற உருவங்களை இதில் அதிகம் செதுக்குவார்கள்.

பழையது என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

துளையைப் பாருங்கள். பழைய கைத்துரப்பணத்தால் இரு பக்கமிருந்தும் துளைத்தால் நடுவில் சற்றுப் பிசகிச் சந்திக்கும், வாய் அகன்று உள்ளே குறுகும். ஒரே விட்டத்தில் நேராக ஓடும் துளை நவீனக் கருவியின் வேலை. பழைய வேலையில் மிதி இயந்திரமும் தேய்மணலும்தான். வைரத்தூள் முனைகளும் மின்கருவிகளும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தவை.

கல்லைத் தாங்கும் உலோகப் பதிப்பில் "சைனா" என்ற ஆங்கில முத்திரை இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்திய ஏற்றுமதிப் பொருள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்கத் தொடங்கிய காலம் அது. முத்திரை இல்லாததால் பழையது என்றும் ஆகாது. பதிப்பின் வயது கல்லின் வயதும் அல்ல. பழைய வெள்ளிப் பதிப்பில் புதுக் கல் வைத்து விற்பது உண்டு.

மிங் காலச் சூஜோ சிற்பி லூ ஸிகாங்கின் பெயர் வெட்டிய தட்டைப் பதக்கங்கள் எங்கும் கிடைக்கும். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பிற்காலத்தவை. அந்தப் பெயருக்காகத் தனியாக ஒரு தொகையும் சேர்க்க வேண்டாம்.

கோயிலில் பூசை செய்து வாங்கியது. அதற்கு மதிப்பு கூடுமா?

சீனர்கள் இதைக் கைகுவாங் என்பார்கள். நம் ஊர்க் கண்திறப்பைப் போன்ற சடங்கு. அணிபவருக்கு அது பெரிய விஷயம். சந்தையில் அதற்கு விலை இல்லை. அதற்கென்று கூடுதல் பணம் கேட்பவரிடம் கல்லை இன்னொரு முறை சோதியுங்கள்.

ஆனால் சேதத்தில் மதம் குறுக்கிடும். மேகத்தின் நுனி உடைந்தால் ஓரளவு குறையும். மூக்கோ விரலோ உடைந்தால் வாங்குபவர் கையிலேயே எடுக்க மாட்டார். ஒட்டிய இடம் புற ஊதா விளக்கில் கோடாகத் தெரியும். உடைந்ததைத் தேய்த்துச் சரிசெய்திருந்தால் ஒரு காது மற்றதைவிடச் சிறுத்திருக்கும்.

மதிப்பீட்டு அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

நீளம், அகலம், அதிகபட்ச கனம் மில்லிமீட்டரில், கல்லின் எடை தனியாக, உலோகத்தின் எடை தனியாக, கனிமப் பெயர், பதப்படுத்தல் நிலையும் அதைக் கண்டறிந்த முறையும், நிறம், ஒளி ஊடுருவும் அளவு, உருவத்தின் அடையாளம், விரிசல்களின் இடம், முன், பின், பக்கவாட்டு, பின்னொளிப் படங்கள்.

கூடவே, எதற்கான மதிப்பு என்பதும். அதேபோன்ற ஒன்றைக் கடையில் மறுபடி வாங்க ஆகும் தொகை காப்பீட்டுக்கு. நீங்கள் விற்றால் கைக்கு வருவது அதைவிட வெகுவாகக் குறையும். ஒப்பிடும்போது இணையத்தில் கேட்கும் விலையை எடுக்காதீர்கள், விற்றுமுடிந்த ஏல விலையை எடுங்கள். அதிலும் ஒரே கனிமம், ஒரே பதப்படுத்தல் நிலை, ஏறத்தாழ ஒரே அளவு உள்ளவற்றை மட்டும்.

நம் ஊர் நகைக்கடையில் கொடுத்தால் என்ன தருவார்கள்?

கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் தருவார்கள். கல்லை நெம்பி எடுக்கும் முன் நிறுத்தச் சொல்லி, முதலில் ரத்தினச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். நெம்பும்போது ஓரம் பெயர்ந்தால் ஒட்டவைத்துப் பயனில்லை.